பையான் எந்த அணுவில் போய் முடிகிறது? கரிம மூலக்கூறுகளுக்குள் எதிர்மின் துகள்களின் பிடிப்பும் இடமாற்றமும்

கடைகளில் தரப்படும் சாதாரண பிளாஸ்டிக் பைகள் பெரும்பாலும் பாலிஎதிலீனால் ஆனவை. அதன் நீண்ட சங்கிலியில் ஒவ்வொரு கார்பன் அணுவுக்கும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் உண்டு. இந்தப் பொருளாலான ஒரு கட்டிக்குள், துகள் முடுக்கியிலிருந்து வரும் எதிர்மின் பையான்களை (எலக்ட்ரானைவிடப் பல மடங்கு கனமான, கணநேரமே வாழும் துகள்களை) வேகம் தணித்து நிற்கச் செய்தால், அவை எந்த அணுவின் கருவில் போய் முடியும்? கார்பன் கருவில் ஆறு புரோட்டான்கள் உள்ளன; இரண்டு ஹைட்ரஜன் கருக்களிலும் சேர்த்து இரண்டே. எதிர்மின் துகளை ஈர்ப்பது கருவின் நேர்மின்னூட்டம் என்பதால், எட்டில் இரண்டு பங்கு, அதாவது நூற்றுக்கு 25 பையான்கள், ஹைட்ரஜனிடம் போய்ச் சேரும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. அளந்து பார்த்தபோது கிடைத்த விடை நூற்றுக்கு ஒன்றை ஒட்டியே இருந்தது.

இந்த இடைவெளிக்குக் காரணம் வேதிப் பிணைப்பு. ஓர் அணுக்கரு பையானை உட்கொள்ளும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 140 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட். கார்பனையும் ஹைட்ரஜனையும் சேர்த்துப் பிடித்திருக்கும் பிணைப்பின் ஆற்றலோ ஏறத்தாழ 4 எலக்ட்ரான்வோல்ட்தான். மூன்று கோடி மடங்குக்கும் மேல் சிறிய இந்த ஆற்றல் பையானின் முடிவைத் தீர்மானிக்கிறது என்றால் முதலில் நம்பத் தோன்றாது. ஆனால் பையான் கருவை அடைவதற்கு முன்னால் மூலக்கூறின் வெளிப்புற எலக்ட்ரான்களிடையே நுழைந்தாக வேண்டும். அந்த நுழைவாயிலில் நடப்பது முழுக்க முழுக்க வேதியியல். அதற்குப் பிறகும், ஹைட்ரஜனிடம் பிடிபட்ட பையான் அங்கேயே தங்கும் என்ற உறுதி கிடையாது. பக்கத்து அணு அதைப் பறித்துக்கொள்ளக்கூடும். முதலில் யார் பிடிக்கிறார், பிறகு யாரிடம் போகிறது என்ற இரண்டு கேள்விகளையும் பிரித்துப் பார்த்தால்தான் அந்த ஒரு சதவீதம் புரியும்.

எதிர்மின் துகள் பொருளுக்குள் நின்றபின் என்ன ஆகிறது என்ற கேள்வி, பையானைக் கண்டுபிடித்த காலத்திலேயே எழுந்துவிட்டது. ரோமில் கொன்வெர்சி, பன்சீனி, பிச்சோனி ஆகிய மூவரும் காஸ்மிக் கதிர்களிலிருந்து வந்த எதிர்மின் துகள்களை இரும்பிலும் கார்பனிலும் நிறுத்திப் பார்த்தனர். அணுக்கருவைப் பிணைத்து வைக்கும் வலுவிசைக்குரியது என்று ஜப்பானிய இயற்பியலாளர் யுகாவா முன்மொழிந்த துகள் அதுவாகவே இருந்திருந்தால், எந்தத் தனிமத்தில் நின்றாலும் சிதையும் முன்பே கரு அதை உட்கொண்டிருக்க வேண்டும். இரும்பில் அப்படித்தான் நடந்தது. கார்பனிலோ, பெரும்பாலான துகள்கள் தம் போக்கில் வாழ்ந்து சிதைந்தன. 1947இல் வெளியான அந்த முடிவு, காஸ்மிக் கதிரில் மிகுதியாகக் காணப்படுவது யுகாவாவின் துகள் அல்ல என்று காட்டிவிட்டது. அது இன்று நாம் மியூவான் என்று அழைப்பது. யுகாவாவின் துகளான பையானை அதே ஆண்டில் பிரிஸ்டலில் பவல், லாட்டெஸ், ஒக்கியாலினி குழுவினர் புகைப்படப் பசையில் பதிந்த தடங்களிலிருந்து அடையாளம் கண்டனர்.

ரோம் முடிவு சரியாக இருக்க வேண்டுமானால், துகள் பொருளுக்குள் நின்று அணுவிடம் பிடிபட்டுக் கருவருகே இறங்குவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிய வேண்டும். அந்தக் கணக்கை 1947இல் ஃபெர்மியும் டெல்லரும் செய்தனர். திடப்பொருளில் அந்த இறக்கம் ஏறத்தாழ ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடுகிறது. மியூவானின் ஆயுளான 2.2 மைக்ரோநொடியோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆகவே பிடிபடுவதில் தாமதமில்லை, கார்பன் கருவுக்குத்தான் மியூவானிடம் நாட்டமில்லை என்பது உறுதியானது. அதே கட்டுரையில், பல தனிமங்கள் சேர்ந்த பொருளில் ஒவ்வொரு தனிமமும் தன் அணு எண்ணுக்கு நேர்விகிதத்தில் துகள்களைப் பிடிக்கும் என்ற விதியையும் அவர்கள் போகிற போக்கில் தந்தனர். பாலிஎதிலீனுக்கு நூற்றுக்கு 25 என்று மேலே போட்ட கணக்கு இந்த விதியிலிருந்து வருவதுதான். அது அணுக்களைத் தனித்தனியாகவும் எலக்ட்ரான்களை ஒரே சீரான வாயுவாகவும் பாவித்துப் போட்ட கணக்கு. பிணைப்பு என்ற ஒன்றுக்கு அதில் இடமே இல்லை. விதியை வகுத்தவர்கள் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது நேரத்தின் அளவு மட்டுமே.

பிடிபடுதல் என்றால் என்ன என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். எதிர்மின் பையானின் நிறை எலக்ட்ரானைப் போல 273 மடங்கு; மியூவானின் நிறை 207 மடங்கு. பொருளுக்குள் மோதி மோதி வேகமிழந்த துகள், கடைசியில் சில பத்து எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலோடு ஊர்ந்துகொண்டிருக்கும் நிலையில், ஓர் எலக்ட்ரானை வெளியே தள்ளிவிட்டு அதன் இடத்தில் தான் கட்டுண்டுவிடுகிறது. எடை மிகுந்த துகள் என்பதால், அதே அளவுள்ள சுற்றுப்பாதை அதற்கு மிக உயர்ந்த ஆற்றல் மட்டமாக அமைகிறது. அணுவின் மிக உள்ளேயுள்ள எலக்ட்ரான் பாதையின் அளவுக்குச் சமமான பாதை, மியூவானுக்கு 14ஆம் மட்டத்தையும் பையானுக்கு 16ஆம் மட்டத்தையும் ஒட்டி வருகிறது. அங்கிருந்து துகள் படிப்படியாக இறங்கும். மேல்படிகளில் அது தன் ஆற்றலை அருகிலுள்ள எலக்ட்ரான்களிடம் கொடுத்து அவற்றை வெளியேற்றியபடி இறங்குகிறது. கீழ்ப்படிகளில் எக்ஸ் கதிர்களை உமிழ்ந்தபடி இறங்குகிறது. இப்படிச் சில கணங்கள் மட்டுமே உயிர்வாழும் அமைப்பைத்தான் பையானிய அணு, மியூவானிய அணு என்கிறோம்.

கடைசிப் படியில் இரண்டு துகள்களும் வேறு வேறு விதமாக நடந்துகொள்கின்றன. பையான் வலுவிசைக்கு உட்பட்டது. கருவைத் தொட்டவுடன் அது உட்கொள்ளப்படுகிறது, அதன் நிறை முழுவதும் ஆற்றலாகிக் கருவை உடைக்கிறது. மியூவானைக் கரு உட்கொள்ள வழியாக இருப்பது, வலுவிசையைவிட மிகப் பலவீனமான மென்விசை மட்டுமே. கார்பனில் கட்டுண்ட மியூவானின் ஆயுள் 2.03 மைக்ரோநொடி, தனியாகத் திரியும் மியூவானின் 2.2 மைக்ரோநொடியிலிருந்து இது சிறிதே குறைவு, ஆகவே நூற்றுக்கு எட்டு அளவுக்கே கார்பன் கரு அதைப் பிடிக்கிறது. இரும்பில் அந்த ஆயுள் 0.2 மைக்ரோநொடியாகச் சுருங்குகிறது. ரோம் ஆய்வாளர்கள் கண்ட வேறுபாடு இதுவே.

இனி, பாலிஎதிலீன் கட்டிக்குள் நின்ற பையான்களில் எத்தனை ஹைட்ரஜனில் முடிந்தன என்று எண்ணுவது எப்படி என்று பார்ப்போம். இங்கே இயற்கை ஒரு பெரிய உதவி செய்திருக்கிறது. புரோட்டானிடம் நின்ற எதிர்மின் பையான் இரண்டு வழிகளில் முடியலாம். ஒன்று, நியூட்ரானும் 129 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள ஒரு காமா கதிரும் பிறப்பது. மற்றொன்று, நியூட்ரானும் மின்னூட்டமற்ற பையானும் பிறப்பது. இவ்விரண்டையும் 1951இல் பெர்க்லியில் பனோஃப்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் அளந்தனர். இன்றைய துல்லியமான அளவீடுகளின்படி, இரண்டாம் வழியும் முதல் வழியும் 1.55க்கு 1 என்ற விகிதத்தில் நிகழ்கின்றன. அதாவது ஹைட்ரஜனில் முடியும் பையான்களில் நூற்றுக்கு 61 அளவில் மின்னூட்டமற்ற பையானாக மாறுகின்றன. கார்பன், ஆக்சிஜன் போன்ற கருக்களில் இந்த மாற்றத்துக்கு ஆற்றல் கணக்கே இடங்கொடுப்பதில்லை. ஆகவே கரிமப் பொருள் ஒன்றில் பையான்களை நிறுத்தும்போது மின்னூட்டமற்ற பையான் ஒன்று தோன்றினால், அது ஹைட்ரஜனிலிருந்து வந்தது என்று துணிந்து சொல்லிவிடலாம்.

அந்த மின்னூட்டமற்ற பையான் பிறந்த உடனேயே, பாதை என்று சொல்லத்தக்க தூரம் எதையும் கடக்காமல், இரண்டு காமா கதிர்களாகச் சிதைகிறது. அது ஒளியின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில் பிறப்பதால், இரண்டு கதிர்களின் ஆற்றலும் தனித்தனியே 55க்கும் 83 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட்டுக்கும் இடையே இருக்கும். அவற்றுக்கிடையேயான கோணம் 156 பாகைக்குக் குறையாது. ஆய்வுக்கூடத்தில் இதைப் பிடிக்கும் ஏற்பாடு மிக எளியது. இலக்குப் பொருளின் இருபுறமும், ஏறத்தாழ நேரெதிராக, ஈயக் கண்ணாடியாலான இரண்டு கனமான செரென்கோவ் எண்ணிகளை (காமா கதிர் கண்ணாடிக்குள் எழுப்பும் ஒளியைக் கொண்டு அதன் ஆற்றலை அளக்கும் கருவிகளை) வைக்க வேண்டும். இரண்டிலும் ஒரே கணத்தில் உரிய ஆற்றல் பதிந்தால் ஒரு ஹைட்ரஜன் பிடிப்பு என்று எண்ணிக்கொள்ள வேண்டும். இலக்குக்கு முன்னால் உள்ள எண்ணிகள் நின்ற பையான்களின் மொத்த எண்ணிக்கையைத் தரும். திரவ ஹைட்ரஜனை அதே இடத்தில் வைத்து அளந்த எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் விழுக்காடு கிடைத்துவிடும். வேதியியல் கேள்விக்கு விடை காண அணுக்கரு வினையை இப்படிக் கருவியாக்கிக்கொண்டது இந்தத் துறையின் மிக அழகான பகுதி என்பது என் கருத்து.

இந்த முறையில் முறையான அளவீடுகளைத் தொடங்கியது சோவியத் ஒன்றியத்தில், மாஸ்கோவுக்கு வடக்கேயுள்ள தூப்னா கூட்டு அணுக்கரு ஆய்வு நிறுவனம். 1960களில் அங்கே பெத்ருகின், புரோகோஷ்கின் குழுவினர் தண்ணீர், ஹைட்ரோகார்பன்கள், ஹைட்ரைடுகள் என்று பல பொருள்களில் பையான்களை நிறுத்திப் பார்த்தனர். எல்லாவற்றிலும் ஹைட்ரஜனின் பங்கு ஃபெர்மி-டெல்லர் விதி சொன்னதைவிட மிகக் குறைவாக இருந்தது. பிணைந்திருக்கும் அணுவின் அணு எண் கூடக் கூட அது செங்குத்தாகச் சரிந்தது. பிணைப்பின் பங்கை ஐயமின்றி நிலைநாட்டியது ஹைட்ரசீனை வைத்துச் செய்த ஒப்பீடு. ஹைட்ரசீன் மூலக்கூறில் இரண்டு நைட்ரஜனும் நான்கு ஹைட்ரஜனும் உள்ளன. நைட்ரஜன் வாயுவையும் ஹைட்ரஜன் வாயுவையும் அதே விகிதத்தில் கலந்தால் அணுக்களின் கணக்கு ஒன்றேதான். ஆனால் வாயுக் கலவையில் ஹைட்ரஜன் பிடித்த பையான்கள் ஹைட்ரசீனில் பிடித்ததைவிடப் பன்மடங்கு அதிகமாக இருந்தன. அணுக்கள் மாறவில்லை, அவற்றின் எண்ணிக்கை மாறவில்லை. ஹைட்ரஜன் யாரோடு பிணைந்திருக்கிறது என்பது மட்டுமே மாறியது.

இதற்கு விளக்கம் தந்தவர் அதே தூப்னாவைச் சேர்ந்த லியோனித் பொனோமரியோவ். அவருடைய மாதிரி ‘பெரிய மீசான் மூலக்கூறு’ என்ற பெயரில் அறியப்படுகிறது (பையான் மீசான் வகைத் துகள்). பையான் முதலில் தள்ளிவிடுவது எந்த எலக்ட்ரானை என்பதிலிருந்து அது தொடங்குகிறது. ஹைட்ரஜன் ஒரு மூலக்கூறில் பிணைந்துவிட்டபின் அதற்கென்று தனியான எலக்ட்ரான் கிடையாது. அதன் ஒற்றை எலக்ட்ரான், பக்கத்து அணுவின் எலக்ட்ரானோடு சேர்ந்து, இருவருக்கும் பொதுவான பிணைப்புப் பாதையில் இருக்கிறது. அந்த எலக்ட்ரானைத் தள்ளிவிட்டு உள்ளே வரும் பையானும் அதே பொதுப் பாதையில்தான் அமர்கிறது. கார்பன், ஹைட்ரஜன் ஆகிய இரண்டு கருக்களையும் சேர்த்துச் சுற்றும் ஒரு பெரிய மூலக்கூறுப் பாதை அது. அங்கிருந்து கீழே இறங்கும்போதுதான் அது இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு கருவை நோக்கிய இறக்கத்தின் விரைவும் அந்தக் கருவின் மின்னூட்டத்தின் இருமடிக்கு ஏற்ப அமைகிறது என்பது பொனோமரியோவின் மதிப்பீடு. கார்பனுக்கு அது 36, ஹைட்ரஜனுக்கு 1.

இப்போது கணக்கைத் திரும்பப் போடலாம். பாலிஎதிலீனில் உள்ள எட்டு எலக்ட்ரான்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் என்ற கணக்கில், பிணைப்புப் பாதையில் நுழையும் வாய்ப்பு கால் பங்கு. அதை 36ஆல் வகுத்தால் 0.7 சதவீதம். மாதிரியில் ஒன்றை ஒட்டிய ஒரு பொதுப் பெருக்கெண் உண்டு. அதை அளவீடுகளிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அதைச் சேர்த்தால் ஒரு சதவீதத்தின் அண்மைக்கு வந்துவிடுகிறோம். தண்ணீருக்கு அதே கணக்கு, பத்து எலக்ட்ரான்களில் இரண்டு, அதை ஆக்சிஜனின் 64ஆல் வகுத்தால், 0.3 சதவீதம். லித்தியம் ஹைட்ரைடில் லித்தியத்தின் அணு எண் மூன்றுதான் என்பதால் வகுக்கும் எண் 9 ஆகக் குறைந்து, விடை 3 சதவீதத்தை ஒட்டி உயர்கிறது. மூன்று பொருள்களிலும் பையானைப் பெறுவது அதே ஹைட்ரஜன்தான். ஆனால் பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு வலுவானவரோ அவ்வளவுக்கு அதன் பங்கு குறைந்துபோகிறது.

எட்டில் இரண்டு, பத்தில் இரண்டு என்று எண்ணிக்கை போடுவது கரிம வேதியியலில் பயிற்சி உள்ளவர்களுக்கு மனநிறைவு தராது. ஒரே மூலக்கூறில் உள்ள எல்லா ஹைட்ரஜன்களும் ஒன்றுபோல இருப்பதில்லை என்பது அவர்களுக்குப் பால பாடம். மெத்தனாலை எடுத்துக்கொள்வோம். அதில் மூன்று ஹைட்ரஜன்கள் கார்பனோடும் ஒன்று ஆக்சிஜனோடும் பிணைந்துள்ளன. ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன்பக்கம் இழுத்துக்கொள்வதால், அதனோடு பிணைந்த ஹைட்ரஜனைச் சுற்றி எலக்ட்ரான் அடர்த்தி குறைவு. பிணைப்பு எலக்ட்ரான்தான் பையானுக்கு நுழைவாயில் என்றால், அந்த ஹைட்ரஜன் பையானைப் பெறுவதும் குறைவாகவே இருக்க வேண்டும்; ஆக்சிஜனின் மின்னூட்டமும் கார்பனைவிட அதிகம் என்பதால் இறக்கத்தின்போதும் அதற்குப் பாதகமே. இதைச் சோதிக்க டியூட்டிரியம் கைகொடுக்கிறது. கருவில் ஒரு நியூட்ரான் கூடுதலாக உள்ள டியூட்டிரியம் வேதியியல்ரீதியாக ஹைட்ரஜன்தான். ஆனால் அதன் கருவில் நின்ற பையான் மின்னூட்டமற்ற பையானாக மாறுவது பத்தாயிரத்தில் ஓரிரு முறையே. ஈயக் கண்ணாடி எண்ணிகளைப் பொறுத்தவரை அது ஏறக்குறைய ஊமை. ஆகவே மெத்தனாலில் கார்பனோடுள்ள மூன்று இடங்களிலும் டியூட்டிரியத்தை வைத்துவிட்டால், எண்ணிகளில் பதிவது ஆக்சிஜனோடுள்ள ஒற்றை ஹைட்ரஜன் மட்டுமே. மாற்றி வைத்தால் மற்ற மூன்றும் மட்டுமே. மூலக்கூறின் எந்த மூலையில் பையான் முடிந்தது என்று இப்படி இடம்வாரியாகக் கேட்க முடிகிறது. கனடாவின் வான்கூவரிலுள்ள டிரையம்ஃப் போன்ற ‘பையான் ஆலைகள்’ செறிவான கற்றைகளைத் தரத் தொடங்கிய பிறகே இத்தகைய நுண்ணிய ஒப்பீடுகள் சாத்தியமாயின.

இதுவரை பேசியது பிடிப்பு. இடமாற்றம் அதற்கு அடுத்த கட்டம், அதில்தான் சிக்கல் கூடுகிறது. ஹைட்ரஜன் கருவைச் சுற்றிப் பையான் அமர்ந்துவிட்டால், புரோட்டானின் மின்னூட்டத்தை அது முழுவதுமாக ஈடுசெய்துவிடுகிறது. கிடைப்பது மின்னூட்டமற்ற, மிகச் சிறிய ஓர் அணு. நான்காவது மட்டத்தில் இருக்கும்போதும் அது சாதாரண ஹைட்ரஜன் அணுவைவிட ஏறத்தாழ 15 மடங்கு சிறியது. அதனிடம் பிணைப்பு எலக்ட்ரான் இல்லை. மூலக்கூறோடு அதைக் கட்டிவைக்க எதுவும் இல்லை. பிற அணுக்களின் எலக்ட்ரான் மேகம் அதை விலக்குவதும் இல்லை. ஆகவே அது ஒரு நியூட்ரானைப் போல அண்டை அணுக்களுக்குள் ஊடுருவிச் செல்ல முடியும். உள்ளே போனதும், புரோட்டானைவிடப் பன்மடங்கு மின்னூட்டமுள்ள கரு ஒன்று அருகில் வருகிறது. இரண்டு கருக்களையும் ஒரே நேரத்தில் உணரும் பையானுக்கு, புரோட்டானோடு இருக்கும் நிலையின் ஆற்றலும் மற்றக் கருவோடு இருக்கும் ஒரு நிலையின் ஆற்றலும் ஒரு குறிப்பிட்ட தூரத்தில் சமமாகின்றன. அந்தத் தூரத்தில் அது தாவிவிடுகிறது. இந்தத் தாவல் ஒருவழிப் பாதை. தாவிய பிறகு பெரும் ஆற்றல் வெளியாகி, புரோட்டான் ஒரு பக்கமும் புதிய பையானிய அணு மறுபக்கமும் எறியப்படுவதால் திரும்பி வர வழியில்லை.

கரிம மூலக்கூறில் இந்தத் தாவல் இரு விதமாக நடக்கலாம். அதே மூலக்கூறிலுள்ள கார்பனுக்கோ ஆக்சிஜனுக்கோ தாவுவது உள் இடமாற்றம்; பக்கத்து மூலக்கூறின் அணுவுக்குத் தாவுவது வெளி இடமாற்றம். இரண்டையும் பிரித்தறிய ஒரு நல்ல வழி கலவைகள். பென்சீனோடு அல்லது சைக்ளோஹெக்சேனோடு கார்பன் டெட்ராகுளோரைடைப் படிப்படியாகக் கலந்து, ஒவ்வொரு கலவையிலும் மின்னூட்டமற்ற பையான்களை எண்ணுவார்கள். ஜப்பானில் சுக்குபாவிலுள்ள கே.இ.கே. ஆய்வகத்தில் இத்தகைய அளவீடுகள் செய்யப்பட்டன. கார்பன் டெட்ராகுளோரைடில் ஹைட்ரஜனே இல்லை. கலப்பதால் ஹைட்ரஜனின் பங்கு குறையும் என்பது தெரிந்ததே. ஆனால் வெறும் நீர்த்துப்போதலால் ஏற்படுவதைவிட அதிகமாக அது குறைகிறது என்றால், ஹைட்ரஜனிடம் ஏற்கெனவே பிடிபட்ட பையான்களில் ஒரு பகுதியைப் பக்கத்து மூலக்கூறின் குளோரின் பறித்துக்கொண்டது என்றே பொருள்.

பையானுக்கு இவ்வளவு அலையக் கால அவகாசம் உண்டா என்ற கேள்வி நியாயமானது. தனியாக விட்டால் அதன் ஆயுள் 26 நானோநொடி. ஆனால் பையானிய ஹைட்ரஜன் அவ்வளவு நேரம் வாழ்வதில்லை. சிறிய, மின்னூட்டமற்ற அந்த அணு அண்டை அணுக்களின் மின்புலத்துக்குள் நுழையும்போதெல்லாம் அதன் நிலைகள் ஒன்றோடொன்று கலந்துபோகின்றன. கருவைத் தொடும் நிலைகளும் அதில் கலப்பதால், மூன்று முதல் ஐந்து வரையிலான உயர் மட்டங்களிலிருந்தே பையான் புரோட்டானால் உட்கொள்ளப்பட்டுவிடுகிறது. இதை டே, ஸ்நோ, சுச்சர் ஆகியோர் 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் விளக்கினர். ஆகவே கருவால் உட்கொள்ளப்படுவதற்கும் அடுத்த அணுவுக்குத் தாவுவதற்கும் இடையே நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவிலான போட்டி நடக்கிறது. எண்ணிகளில் நாம் பார்ப்பது அந்தப் போட்டியில் புரோட்டான் வென்ற தருணங்களை மட்டுமே. பிடிப்பில் குறைந்த பங்கு, இடமாற்றத்தில் மேலும் குறைகிறது. அளவீட்டில் இவ்விரண்டும் சேர்ந்தே வருவதால், பொனோமரியோவின் மாதிரியிலுள்ள பெருக்கெண்ணுக்குள் எவ்வளவு பிடிப்பு, எவ்வளவு இடமாற்றம் என்று பிரிப்பதில் இத்துறையினர் நீண்ட காலம் உழைத்திருக்கின்றனர்.

மியூவானுக்கு இந்த அவசரம் இல்லை. மியூவானிய ஹைட்ரஜன் அடிமட்டத்துக்கு இறங்கி, அங்கே மைக்ரோநொடிக் கணக்கில் காத்திருக்க முடியும். அப்போது அதன் அளவு சாதாரண ஹைட்ரஜனில் 186இல் ஒரு பங்கு. தூய ஹைட்ரஜன் வாயுவுக்குள் இது நடந்தால் அது தாவக் கிடைப்பது டியூட்டிரியம் மட்டுமே. டியூட்டிரியம் கனமானது என்பதால் அதனோடு மியூவானின் கட்டு 135 எலக்ட்ரான்வோல்ட் கூடுதல். இயற்கை ஹைட்ரஜனில் உள்ள சிறிதளவு டியூட்டிரியமும் மியூவான்களைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. கார்பனோ ஆக்சிஜனோ கொண்ட மூலக்கூறுகள் வாயுவில் கொஞ்சம் கலந்திருந்தால் தாவல் இன்னும் விரைவு. இந்தத் தாவலுக்கு மியூவானிய எக்ஸ் கதிர்களில் ஒரு தனி முத்திரை உண்டு. நேரடியாக ஆக்சிஜனிடம் பிடிபட்ட மியூவான் உயர்ந்த மட்டத்தில், பெரிய கோண உந்தத்தோடு தொடங்குகிறது. ஒவ்வொரு படியாக இறங்குவதால், இரண்டாம் மட்டத்திலிருந்து முதல் மட்டத்துக்கு இறங்கும் 133 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கோடுதான் நிறமாலையில் ஓங்கி நிற்கும். ஹைட்ரஜனிலிருந்து தாவி வந்த மியூவானோ ஐந்தாம் மட்டத்தை ஒட்டி, சிறிய கோண உந்தத்தோடு வந்திறங்குகிறது. அங்கிருந்து அடிமட்டத்துக்கு ஒரே தாவலாக இறங்கும் வாய்ப்பு அதற்கு அதிகம். ஆகவே உயர் ஆற்றல் கோடுகள் வலுப்பெறுகின்றன. நிறமாலையைப் பார்த்தே மியூவான் நேரே வந்ததா, ஹைட்ரஜன் வழியாக வந்ததா என்று சொல்லிவிட முடிகிறது.

நேர்மின் மியூவானின் கதை முற்றிலும் வேறு. அதைக் கரு விலக்குவதால் கருப் பிடிப்பு என்பதே இல்லை. அது ஓர் எலக்ட்ரானைப் பிடித்து மியூவோனியம் ஆகிறது. நிறையில் ஒன்பதில் ஒரு பங்கே உள்ள ஒரு ஹைட்ரஜன் அணு என்று அதைக் கொள்ளலாம். பென்சீனுக்குள் அது வளையத்தோடு சேர்ந்து ஒரு தனியுறுப்பை, அதாவது இணையற்ற எலக்ட்ரான் ஒன்றுள்ள மூலக்கூறை, உண்டாக்குகிறது. மியூவானுக்கும் எலக்ட்ரானுக்கும் இடையிலான தற்சுழற்சித் தொடர்பின் வலு, அதிர்வெண்ணாகச் சொன்னால், வெற்றிடத்தில் 4463 மெகாஹெர்ட்ஸ். பென்சீன் தனியுறுப்பில் அது சுமார் 514 மெகாஹெர்ட்ஸ். இணையற்ற எலக்ட்ரான் மியூவானை விட்டு வளையம் முழுவதும் பரவிவிட்டதை அந்தச் சரிவு காட்டுகிறது. இத்தகைய தனியுறுப்புகள் 1978இல் சுவிட்சர்லாந்தின் வில்லிகனில் முதன்முதலாக நேரடியாகக் காணப்பட்டன. எதிர்மின் துகள்களைப் பற்றிய இந்தக் கட்டுரையில் அதற்கு இவ்வளவு இடம் போதும்.

எந்த அணு பிடிக்கிறது என்ற கேள்வி ஒரு காலத்தில் மருத்துவமனை வரை போனது. எதிர்மின் பையானை உடலுக்குள் குறித்த ஆழத்தில் நிறுத்தினால், அது அங்கே ஒரு கருவை உடைத்து, குறுகிய தூரமே பாயும் கனமான துண்டுகளைச் சிதறடிக்கும். புற்றுக் கட்டியை அழிக்க இது உதவும் என்று எதிர்பார்த்தனர். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ், வான்கூவர், வில்லிகன் ஆகிய மூன்று இடங்களில் 1970களின் நடுவிலிருந்து 1990களின் தொடக்கம் வரை இந்தச் சிகிச்சை தரப்பட்டது. வில்லிகனில் மட்டும் சுமார் 500 பேர் அதைப் பெற்றனர். மனித உடலில் எண்ணிக்கையில் மிகுதியான அணு ஹைட்ரஜன்தான். பையான்களில் கணிசமான பகுதி ஹைட்ரஜனில் முடிந்திருந்தால், ஆற்றலின் பெரும்பகுதி காமா கதிர்களாகவும் நியூட்ரான்களாகவும் உடலைவிட்டு வெளியேறியிருக்கும். சிகிச்சை என்ற எண்ணத்துக்கே அடிப்படை இருந்திருக்காது. பிணைந்த ஹைட்ரஜன் பையான்களைத் தக்கவைத்துக்கொள்வதில்லை என்பதால்தான் அவை ஆக்சிஜனிலும் கார்பனிலும் நைட்ரஜனிலும் போய் முடிந்தன. இயற்பியல் எதிர்பார்த்தபடி நடந்தது. ஆனால் வழக்கமான கதிர்ச் சிகிச்சையைவிடத் தெளிவான மேன்மை ஒப்பீட்டுச் சோதனைகளில் தென்படவில்லை. மூன்று மையங்களும் அதைக் கைவிட்டுவிட்டன.

இன்று இந்த அறிவு அதிகம் பயன்படுவது பொருள்களை உடைக்காமல் அவற்றின் உட்பொதிவை அறியும் ஆய்வில். எதிர்மின் மியூவானின் வேகத்தைச் சரிசெய்தால் அதை வேண்டிய ஆழத்தில் நிறுத்தலாம். கார்பனிலிருந்து 75, நைட்ரஜனிலிருந்து 102, ஆக்சிஜனிலிருந்து 133 கிலோ எலக்ட்ரான்வோல்ட் என்று தனித்தனியாக வரும் எக்ஸ் கதிர்கள், சாதாரண எக்ஸ் கதிர் முறைகளுக்கு எட்டாத இந்த இலேசான தனிமங்களையும் பொருளின் உள்ளிருந்தே காட்டிக்கொடுக்கும். ரியுகு என்ற சிறுகோளிலிருந்து ஹயபுசா-2 விண்கலம் 2020 டிசம்பரில் கொண்டுவந்த 5.4 கிராம் மண்ணிலும் கற்களிலும் சிலவற்றை, பூமியின் காற்றுப் படாமல் வைத்து, ஜப்பானில் தொகாய் என்ற ஊரிலுள்ள ஜே-பார்க் முடுக்கியில் இவ்வாறு ஆராய்ந்தனர். 1864இல் பிரான்ஸில் விழுந்த ஓர்கில் விண்கல்லோடு ஒப்பிடும்போது, சிலிக்கனைப் பொறுத்த ஆக்சிஜன் அளவு ரியுகுவில் குறைவாக இருந்தது. விண்கல் ஒன்றரை நூற்றாண்டாகப் பூமியின் ஈரத்தை உறிஞ்சியிருக்கிறது என்பதற்கு அது சான்றாயிற்று. ஆனால் எக்ஸ் கதிரின் செறிவு நேரடியாகச் சொல்வது மியூவானை எந்தத் தனிமம் எவ்வளவு பிடித்தது என்பதை மட்டுமே. பொருளில் அத்தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று அறிய, பிடிப்பு விகிதத்தைக் கொண்டு திருத்த வேண்டும். ஃபெர்மி-டெல்லர் விதி அதற்குப் போதாது. உள் எலக்ட்ரான்களை ஒதுக்கி, தளர்வாகக் கட்டுண்ட வெளி எலக்ட்ரான்களுக்கு முதன்மை தரும் பிந்தைய சூத்திரங்கள் ஓரளவு நெருங்கி வருகின்றன. என்றாலும், ஒரு மூலக்கூறின் அமைப்பை மட்டும் கொடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு அணுவின் பிடிப்பு விகிதத்தையும் முதல் கொள்கைகளிலிருந்து கணக்கிட்டுத் தரும் பொதுவான கோட்பாடு கைவசம் இல்லை. அதனால், ஆய்வுக்குரிய பொருளைப் போன்ற வேதியியல் அமைப்புள்ள, உட்பொதிவு முன்பே தெரிந்த ஒரு மாதிரியை அதே கற்றையில் வைத்து அளந்து, அதோடு ஒப்பிட்டே விடையைச் சொல்கிறார்கள்.